அறிவிப்புப் பலகையில் வராத செய்தி



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதலாமா, துணுக்கு எழுதலாமா என்று யோசித்தேன். கவிதைக்கு நம் கல்லூரியில் பஞ்சமே இல்லை. அமைப்பியல் துறையில் மட்டும் ஆறு கவிஞர்கள் இருக்கிறார்கள்! ஆகவே ரொம்ப நாளாக மனசுக்குள் கிடந்து உறுத்துகிற ஒரு விஷயத்தை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். அது நம் அறிவிப்புப் பலகையைப் பற்றியது. "இதிலே எழுத என்னப்பா இருக்கு?" என்று சிரிக்காதீர்கள். கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

நம் பலகையில் இரண்டு விதமான தாள்கள் ஒட்டப்படுகின்றன. ஒன்று, வரப்போகும் விழாக்களைப் பற்றியது. விளையாட்டு விழா, பொங்கல் விழா, துறைக் கருத்தரங்கு, ஆண்டு விழா... இவையெல்லாம் கலர் அச்சில், பெரிய எழுத்தில், சிறப்பு விருந்தினர் படத்தோடு இருக்கும். இரண்டாவது, சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில், வெள்ளைத் தாளில் இருக்கும். தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள், உதவித்தொகைக்கு மனுச் செய்யக் கடைசி நாள், கல்பாக்கத்தில் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்று எல்லாமே கடைசி நாட்கள்தான். அதன்மேல் பாதி மறைகிற மாதிரி விழா போஸ்டர் ஒட்டியிருப்பதும் உண்டு.

மூன்றாவதாக ஒரு செய்தி இருக்கிறது. அது ஒட்டப்படுவதே இல்லை. எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, யார் மாற்றலாகிப் போனார், யார் ஓய்வு பெற்றார், அந்த இடத்துக்கு யார் வரப்போகிறார், எப்போது வரப்போகிறார் என்கிற செய்தி. விழாச் செய்தி ஒரு நாளைக்கு. ஆசிரியர் பற்றிய செய்தியோ நம் மூன்று வருஷத்துக்கு. ஆனால் பலகையில் இடம் கிடைப்பது எதற்கு? இதுதான் என் கேள்வி.

விழா வேண்டாம் என்று சொல்லவில்லை!

என்னை யாரும் விழாவுக்கு விரோதி என்று நினைத்துவிடக் கூடாது. நான் மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்துக்காரன். விழாக் கூட்டம் பார்த்தே வளர்ந்தவன். வருஷா வருஷம் மார்கழி, தை மாசங்களில் சுற்றுலாத் துறை நடத்தும் நாட்டிய விழாவுக்கு வெளிநாட்டுக்காரர்கள் வரும்போது, எங்கள் ஊர்ப் பெண்கள் சங்கு மாலை விற்று நாலு காசு பார்ப்பார்கள். விழா என்றால் ஊருக்கு வெளிச்சம். கல்லூரிக்கும் அப்படித்தான்.

2022-ல் நடந்த செஸ் ஒலிம்பியாடை மறக்க முடியுமா? 44-வது ஒலிம்பியாட், இந்தியாவில் நடந்த முதல் ஒலிம்பியாட். ரஷ்யாவில் நடக்க வேண்டியது, உக்ரைன் போர் வந்ததால் இடம் மாறி நம் பூஞ்சேரிக்கு வந்தது. மார்ச் மாதம் நமக்கு என்று முடிவாயிற்று. ஜூலை 28-ல் தொடக்க விழாவே நடந்துவிட்டது. நடுவிலே இருந்தது நாலு மாசத்துச் சொச்சம்தான். அதற்குள் அரங்கம், சாலை, விளக்கு, பேருந்து எல்லாம் தயார். வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' மூலைக்கு மூலை நின்று வணக்கம் சொன்னது. ஓப்பன் பிரிவில் உஸ்பெகிஸ்தானும் மகளிர் பிரிவில் உக்ரைனும் தங்கம் வாங்கின. நம் நாட்டுக்கு இரண்டு பிரிவிலும் வெண்கலம். செங்கல்பட்டு தனி மாவட்டமாகி (29-11-2019) மூன்று வருஷம்கூட ஆகாத நேரத்தில், உலகமே நம் மாவட்டத்தின் பெயரைச் சொன்னது. எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

இதிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது அல்லவா? தேதி குறித்து, 'இன்ன நாளில் நடந்தே தீரும்' என்று எல்லோருக்கும் அறிவித்துவிட்டால், நம்மவர்களால் நாலு மாசத்தில் மலையைப் புரட்ட முடியும். இப்போது இன்னொரு கதையைக் கேளுங்கள்.

ஐந்து வருஷம் காத்திருந்த கதை

தமிழ்நாட்டு அரசு பாலிடெக்னிக் கல்லூரிகளில் காலியாக இருந்த 1,058 விரிவுரையாளர் இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 16-9-2017 அன்று எழுத்துத் தேர்வு வைத்தது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். முடிவு வந்தபிறகு, விடைத்தாளில் வாங்கிய மதிப்பெண் ஒன்று, பட்டியலில் இருக்கும் மதிப்பெண் வேறு என்று புகார் கிளம்பியது. விசாரித்ததில் 196 பேருடைய மதிப்பெண்கள் திருத்தப்பட்டது வெளியே வந்தது. 2018 பிப்ரவரியில் தேர்வையே ரத்து செய்தார்கள். நேர்மையாகப் படித்து எழுதியவர்களின் உழைப்பும் அதோடு போயிற்று. புது அறிவிப்பு 2019-ல் வந்தது. அதற்குப் பின் கொரோனா. மறுபடியும் தேர்வு நடந்தது 2021 டிசம்பரில். பணி நியமன ஆணை கைக்கு வந்தது 2022-ல்.

கணக்குப் போடுங்கள் நண்பர்களே. டிப்ளமோ எத்தனை வருஷம்? மூன்று. 2017-ல் முதலாம் ஆண்டு சேர்ந்தவர்கள் 2020-ல் முடித்துவிட்டார்கள். 2018-ல் சேர்ந்தவர்கள் 2021-ல் முடித்துவிட்டார்கள். அதாவது தேர்வு எழுதிய ஆசிரியர் வகுப்புக்குள் வருவதற்குள், இரண்டு செட் மாணவர்கள் உள்ளே வந்து, படித்து, சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியே போயாயிற்று! அவர்களுக்கு வர வேண்டிய ஆசிரியர்கள் அவர்கள் போனபிறகு வந்தார்கள். ரயில் போனபிறகு டிக்கெட் கொடுத்த கதைதான்.

அந்த வருஷங்களில் வகுப்பே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பகுதி நேர விரிவுரையாளர்கள் வந்து பாடம் நடத்தினார்கள். தமிழ்நாடு பூராவும் பல கல்லூரிகளைத் தாங்கிப் பிடித்தது அவர்கள்தான். ஆனால் அவர்களுக்கும் ஒரு குடும்பம் உண்டு, வாடகை உண்டு. நிரந்தரமில்லாத வேலையில் ஒருவர் எத்தனை நாள் இருப்பார்? நல்ல வேலை வந்தால் போகத்தான் செய்வார். போகிறவர்மேல் எனக்குக் கோபமே கிடையாது. அவர் போன செய்தி நமக்கு எப்படித் தெரிகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

காலி நாற்காலிதான் அறிவிப்பா?

நம் கல்லூரி சின்னக் கல்லூரி. பெரிய கல்லூரியில் ஒரு ஆசிரியர் போனால் அதே பாடம் தெரிந்த நாலு பேர் இருப்பார்கள். இங்கே ஒருவர் போனால் ஒரு பாடமே போகிறது. டிப்ளமோ கல்லூரிகளுக்கு 25 மாணவர்களுக்கு ஒரு ஆசிரியர் என்று அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு, அதாவது ஏ.ஐ.சி.டி.இ., கணக்கு வைத்திருக்கிறது. ஆனால் தலையை எண்ணினால் மட்டும் போதாது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் நடத்துகிறவர் போய்விட்டால், கணக்கு நடத்துகிற சாரை அந்த இடத்தில் உட்கார வைத்துத் தலை எண்ணிக்கையைச் சரி செய்யலாம். பாடத்தைச் சரி செய்ய முடியுமா?

சென்ற வருஷம் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு முக்கியமான பாடம் நடத்திய சார் செமஸ்டர் நடுவில் ஒரு தனியார் கம்பெனிக்குப் போய்விட்டார். அது எங்களுக்கு எப்படித் தெரிந்தது? திங்கட்கிழமை முதல் பீரியடில் உட்கார்ந்தோம், யாரும் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. "சாருக்கு உடம்பு சரியில்லையாம்" என்றான் ஒருத்தன். "இல்லடா, அவங்க வீட்டுலே கல்யாணம்" என்றான் இன்னொருத்தன். ஒன்பது நாள் கழித்துத் துறை உதவியாளர் அண்ணன் சொல்லித்தான் விஷயமே தெரிந்தது. காலி நாற்காலிதான் எங்களுக்கு வந்த அறிவிப்பு! அந்த ஒன்பது நாளில் நூலகத்தில் புத்தகம் எடுத்திருக்கலாம், சீனியர் அண்ணன்களிடம் நோட்டு வாங்கியிருக்கலாம், வேறு சாரிடம் போய்க் கேட்டிருக்கலாம். இன்றைக்கு வந்துவிடுவார், நாளைக்கு வந்துவிடுவார் என்று கேன்டீனிலும் மரத்தடியிலும் பொழுது போனதுதான் மிச்சம்.

இன்னொன்று. நம் ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் பிடித்த பயிற்றுநர் ஒருவர் ஓய்வு பெற்றார். லேத்தில் கை வைக்கக் கற்றுக்கொடுத்தவர். சட்டைக் கை தொங்கினால் திட்டுவார், டூல் உடைந்தால் திட்டமாட்டார். அவருக்குப் பணி நிறைவு விழா சிறப்பாக நடந்தது. மாலை, சால்வை, நினைவுப் பரிசு, கண்ணீர் எல்லாம் உண்டு. விழா அறிவிப்பு மூன்று வாரம் முன்பே பலகையில் வந்துவிட்டது. சரி, விழா முடிந்தது. ஜூன் மாதம் கல்லூரி திறந்தபோது லேத்துகளின் மேல் சாக்கு போர்த்தியிருந்தது. சாவி வாங்கிக் கையெழுத்துப் போட ஆளில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த இரண்டாம் ஆண்டுத் தம்பிகள் அந்த செமஸ்டரில் த்ரெட் கட்டிங்கை விரல் விட்டு எண்ணுகிற வகுப்புகளில்தான் பார்த்தார்கள்.

இதில் யார் மேலும் பழி போட நான் எழுதவில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். அரசு ஊழியர் ஓய்வு பெறும் வயது 60. அவர் பிறந்த தேதி பணிப் பதிவேட்டில் இருக்கிறது. அப்படியானால் அவர் ஓய்வு பெறும் நாள், வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே தெரியும்! மழை மாதிரி, புயல் மாதிரி திடீரென்று வருவதல்ல. சால்வை வாங்க மூன்று வாரம் முன்பே ஞாபகம் வருகிற நமக்கு, 'அடுத்த மாதம் ஒர்க்‌ஷாப்பை யார் திறப்பார்?' என்று கேட்க மட்டும் ஏன் ஞாபகம் வரவில்லை? அந்தப் பெரியவருக்கு உண்மையான மரியாதை சால்வையிலா இருக்கிறது? அவர் எண்ணெய் போட்டுக் காப்பாற்றிய லேத் ஓடிக்கொண்டிருப்பதில் அல்லவா இருக்கிறது!

நம்மைப் போன்றவர்களுக்கு ஏன் இது பெரிய விஷயம்?

அப்பா, மாமா, சித்தப்பா யாராவது படித்தவர்களாக இருக்கும் வீட்டில், அறிவிப்புப் பலகையைப் பார்க்காவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம். "என்னப்பா, எக்ஸாம் ஃபீஸ் கட்டியாச்சா? அந்த சப்ஜெக்டுக்கு சார் இல்லேன்னா டியூஷன் போறியா?" என்று கேட்க ஆள் உண்டு. எங்கள் வீட்டில் நான்தான் முதன்முதலில் பத்தாவது தாண்டியவன். அப்பா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறார். அம்மா கூடை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வரை மீன் விற்கப் போகிறார். இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். ராத்திரி அப்பா கேட்கும் ஒரே கேள்வி, "இன்னிக்கு காலேஜ் நடந்துச்சாடா?" என்பதுதான். நடந்தது என்பேன். அதற்குமேல் என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியாது. தெரியாதது அவர் குற்றமா?

இங்கே படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் வீட்டு நிலைமை இதுதான் என்று நினைக்கிறேன். பாலூர் பக்கத்திலிருந்து ரயிலில் வரும் நண்பனின் அப்பா செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார். வாயலூர்ப் பக்கமிருந்து வரும் தோழியின் அம்மா நூறு நாள் வேலைக்குப் போனவர். எங்களுக்கெல்லாம் படித்த மாமா யார் தெரியுமா? அந்த அறிவிப்புப் பலகைதான்! அது சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை.

அரசாங்கம் நமக்காகக் கொண்டுவந்த திட்டங்களும் இந்தப் பலகை வழியாகத்தான் வந்து சேருகின்றன. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. டிப்ளமோ படிப்பவர்களுக்கும் இவை உண்டு. நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் லேட்டரல் என்ட்ரி இருக்கிறது. முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி, ஒரு படிவம், ஒரு கையெழுத்து. கையெழுத்துப் போட வேண்டிய ஆசிரியர் மாற்றலாகிப் போயிருந்தால், அந்தப் பொறுப்பு இப்போது யாரிடம் என்று தெரியாமல் ஐந்து அறை ஏறி இறங்குகிறோம். பார்த்தீர்களா? இரண்டு செய்திகளும் தனித்தனி அல்ல. ஆசிரியர் செய்தி தெரியாவிட்டால் தேதிச் செய்தியும் பயன்படாது.

"வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டோமே" என்று சொல்லலாம். போடுகிறார்கள், மறுக்கவில்லை. நாற்பது காலை வணக்கம், முப்பது பிறந்தநாள் வாழ்த்து, நடுவில் ஒரு ஆங்கில பி.டி.எஃப். ரீசார்ஜ் முடிந்தவனுக்கு அதுவும் இல்லை.

மைக் செட்டின் மகிமை

செய்தி என்பது ஒட்டுவதோடு முடிவதில்லை. போய்ச் சேர வேண்டும். இதை எங்கள் கடற்கரைக்காரர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்பது எழுதப் படிக்கத் தெரியாத கிழவருக்கும் மனப்பாடம். புயல் சின்னம் என்றால் குப்பத்து மைக்கில் மூன்று தடவை சொல்வார்கள். 'கேட்கவில்லை' என்று ஒருத்தரும் சொல்ல முடியாது.

நான் பிறப்பதற்கு முன் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். 26-12-2004 அன்று சுனாமி வந்தபோது, புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்ற மீனவ கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. அந்த ஊர்ப் பையன் ஒருவர் அங்கே வேலை பார்த்தார். தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு உடனே வீட்டுக்குப் பேசினார். அந்த ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் ஒன்று இருந்தது. அலை உயரம், காற்று வேகம் எல்லாம் மீனவர்களுக்குத் தமிழில் ஒலிபெருக்கியில் சொல்வதற்காக வைத்தது. அன்று அந்த ஒலிபெருக்கியில் 'எல்லோரும் ஓடுங்கள்' என்று சொன்னார்கள். ஊரே தப்பித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள்!

சுனாமியோடு நம் பலகையை ஒப்பிடுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைக்காதீர்கள். நான் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒலிபெருக்கி அன்றைக்கு வேலை செய்ததற்குக் காரணம், அதற்கு முன்பு தினந்தோறும் வேலை செய்ததுதான். ஊர்க்காரர்கள் தினமும் அதைக் கேட்டுப் பழகியிருந்தார்கள், நம்பினார்கள். நம் பலகையையும் அப்படித் தினமும் நம்பிப் பார்க்கிற மாதிரி வைத்திருந்தால்தான், முக்கியமான நாளில் அது கை கொடுக்கும்.

ஒரு ஆசிரியர் இருந்தால் என்ன ஆகும்?

'ஒரு ஆசிரியர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, யூடியூபில் எல்லாம் இருக்கிறதே' என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. அவர்கள் ஒருநாள் மாமல்லபுரம் வந்து பார்க்க வேண்டும். அங்கே ஒரு சின்னக் கல்லூரி இருக்கிறது. சிற்பமும் மரபுக் கட்டடக்கலையும் கற்றுக்கொடுக்கும் அரசுக் கல்லூரி. 1957-ல் ஒரு பயிற்சி நிலையமாக ஆரம்பித்தது. அதற்கு முதலில் தலைமை தாங்கியவர் வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப் பின் அவர் மகன் கணபதி ஸ்தபதி வந்து 27 வருஷம் அதை நடத்தினார். கன்னியாகுமரிக் கடலில் 133 அடி உயரத்தில் நிற்கிறாரே திருவள்ளுவர், 1-1-2000 அன்று திறந்தார்களே, அந்தச் சிலையை உருவாக்கியவர் இவர்தான். 2009-ல் பத்ம பூஷண் விருது பெற்றார். 2011-ல் மறைந்தார்.

இன்றைக்கு மாமல்லபுரத்துத் தெருக்களில் உளிச் சத்தம் கேட்காத இடமில்லை. எங்கள் ஊர்க் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பல்லவர் காலத்துக் கல் மட்டும் இருந்தால் இது நடந்திருக்குமா? கற்றுக்கொடுக்க ஒரு ஆள் ஒரே இடத்தில் 27 வருஷம் இருந்திருக்கிறார். ஒரு செட் போனால் அடுத்த செட், அது போனால் அதற்கடுத்த செட் என்று கைமாற்றிக் கொடுத்திருக்கிறார். உளி பிடிக்கும் கோணத்தை வீடியோவில் காட்டலாம். தப்பாகப் பிடித்த கையைத் தொட்டுத் திருத்துவது யார்? நம் லேத்துக்கும் மைக்ரோமீட்டருக்கும் அதே நியாயம்தான்.

ஆகவே, நாம் என்ன செய்யலாம்?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது. ஆசிரியரை நியமிப்பது நம் கையில் இல்லை. கல்லூரி முதல்வர் கையில்கூட முழுசாக இல்லை. ஆனால் செய்தி சொல்வது நம் கையில் இருக்கிறது. மாணவர் பேரவைக்கு என் யோசனைகள் இவை:

முதலாவது, பலகையை இரண்டாகப் பிரிப்போம். இடது பக்கம் விழாக்கள். வலது பக்கம் பாடமும் ஆசிரியரும். துறைவாரியாக, இன்ன பாடம், நடத்துபவர் இன்னார், இடம் காலி என்றால் இன்ன தேதியிலிருந்து காலி, அதுவரை சந்தேகம் கேட்க இன்னாரைப் பார்க்கலாம். ஒரு துறைக்கு ஒரே ஒரு தாள். மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும்.

இரண்டாவது, எந்தச் சுற்றறிக்கை வந்தாலும் அடியில் தமிழில் நாலு வரி. என்ன, யாருக்கு, எப்போதுக்குள், யாரிடம். ஆங்கிலம் கற்க வேண்டியதுதான், கற்போம். ஆனால் ஃபீஸ் கட்டும் தேதியை வைத்துத்தான் ஆங்கிலம் கற்க வேண்டுமா?

மூன்றாவது, திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில், தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் இரண்டு நிமிடம் இவற்றை மைக்கில் படிக்க வேண்டும். படிப்பது ஒரு மாணவராக இருக்கட்டும், வாரம் ஒருவர். மேடைக் கூச்சமும் போகும்.

நான்காவது, முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகள் பத்துப் பேருக்கு மூன்றாம் ஆண்டு அண்ணன் அல்லது அக்கா ஒருவர். "கட்டிட்டியா? கையெழுத்து வாங்கிட்டியா?" என்று கேட்பது மட்டும்தான் அவர் வேலை. படித்தவர் இல்லாத வீட்டுக்கு ஒரு படித்தவர் கிடைத்த மாதிரி.

ஐந்தாவது, யாராவது ஓய்வு பெறும் வருஷம் என்றால், பணி நிறைவு விழாக் குழு அமைக்கும் அன்றைக்கே, 'அடுத்து யார்?' என்று கேட்டுப் பேரவை சார்பில் மரியாதையான ஒரு மனு, முதல்வர் வழியாகத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்குப் போக வேண்டும். பதில் வந்தாலும் பலகையில் ஒட்டுவோம். வராவிட்டால் மனு கொடுத்த தேதியை ஒட்டுவோம்.

"இதெல்லாம் ஆபீஸ் ரகசியம் அல்லவா, மாணவர்கள் கேட்கலாமா?" என்று சிலர் தயங்குகிறார்கள். ரகசியமே இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் நான்காவது பிரிவு, அரசு அலுவலகங்களும் அரசின் பெருமளவு நிதியில் நடக்கும் நிறுவனங்களும் தங்கள் அலுவலர், ஊழியர் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று சொல்கிறது. ஏ.ஐ.சி.டி.இ.யும் ஆசிரியர் விவரத்தைக் கல்லூரிகள் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்கிறது. சட்டமே 'சொல்' என்கிறபோது, நாம் 'சொல்லுங்கள் ஐயா' என்று பணிவாகக் கேட்பதில் என்ன தப்பு?

நம் ஆசிரியர்களும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். அவர்களில் பலரும் நம்மைப் போலவே முதல் தலைமுறையாகப் படித்து வந்தவர்கள்தான். ஒரு இடம் காலி என்றால் அந்தப் பாரத்தைச் சுமப்பதும் அவர்கள்தானே? இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்க்கிறார் என்று பலகையில் எழுதியிருந்தால், அவர் கஷ்டம் நமக்கும் புரியும். வகுப்புக்கு ஐந்து நிமிடம் தாமதமாக வந்தாலும் முணுமுணுக்க மாட்டோம்.

நண்பர்களே! இந்த மலர் உங்கள் கைக்கு வரும் நாளில் ஆண்டு விழா மேடை ஜொலித்துக்கொண்டிருக்கும். கை தட்டுவோம், விசில் அடிப்போம், சந்தோஷமாக இருப்போம். நானும் இருப்பேன். ஏப்ரலில் தேர்வு எழுதிவிட்டு எங்கள் செட் வெளியே போய்விடும். மேலே சொன்ன ஐந்தில் எதுவும் எனக்குப் பயன்படப் போவதில்லை. ஆனால் ஜூன் மாதம் ஏதோ ஒரு குப்பத்திலிருந்து, ஏதோ ஒரு செங்கல் சூளைப் பக்கமிருந்து, வீட்டிலேயே முதன்முதலாகப் படிக்க வரும் ஒரு தம்பியோ தங்கையோ அந்தப் பலகை முன்னால் வந்து நிற்பார்கள். அவர்களுக்கு அங்கே விழாத் தேதி மட்டும் தெரிந்தால் போதாது. தன் பாடத்துக்கு ஆசிரியர் யார் என்றும் தெரிய வேண்டும்.

அதற்கு வேண்டியது ஒரு வெள்ளைத் தாளும் நாலு குண்டூசியும்தான். பேரவை மனசு வைக்குமா?

அன்புடன்,
மூன்றாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை.